கட்டுமரத்தின் பாயும் திசைப்பிடிப்பும்: மாமல்லபுரக் கடற்கரையின் பாய்மர வரலாறு

கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படும் கடற்கலம். சோழமண்டலக் கடற்கரை முழுவதும் மீன்பிடிப்புக்குப் பயன்பட்டது. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோவளம், நெம்மேலி, தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் முதலிய மீனவ ஊர்களில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கட்டுமரங்கள் முக்கோணப் பாய் விரித்துக் கடலோடின. இக்கலத்திற்கு ஏரா எனப்படும் அடிக்கட்டை கிடையாது. பின்புறத்தில் நிலையாகப் பொருத்திய சுக்கானும் கிடையாது. ஆயினும் பக்கவாட்டில் அடிக்கும் காற்றில் அது நேராகச் சென்றது, வேண்டிய இடத்தில் திரும்பியது, அலை உடையும் கரையில் வந்து ஏறியது. இதை நிகழ்த்திய திசைப்பிடிப்பு முறையையும் அதன் வரலாற்றையும் இக்கட்டுரை கூறுகிறது.

கட்டுமரத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அது எப்படிக் கட்டப்பட்டது என்பதிலேயே நின்றுவிட்டனர். எத்தனை மரம், எந்த மரம், எந்தக் கயிறு என்பவை பதிவாகியுள்ளன. அதை எப்படி ஓட்டினார்கள் என்பது மிகக் குறைவாகவே எழுதப்பட்டது. ஓட்டியவர்களுக்கு எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை, எழுதியவர்கள் ஓட்டவில்லை.

பாய்க்கலம் தானாகத் திரும்புவது ஏன்

பாய் விரித்த எந்தக் கலத்திலும் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. காற்று பாயைத் தள்ளுகிறது. கலம் பக்கவாட்டில் நகராதபடி நீர் அதன் அடிப்பகுதியைத் தடுக்கிறது. பாயின் பரப்பெங்கும் படும் காற்றின் விசை ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொண்டால் அதைப் பாயின் விசைமையம் எனலாம். நீரின் தடை முழுவதும் ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொண்டால் அது தடைமையம். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்தால் கலம் நேராகச் செல்லும். விசைமையம் தடைமையத்திற்குப் பின்னால் விழுந்தால் காற்று கலத்தின் பின்பகுதியை அதிகமாகத் தள்ளும். அப்போது மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். ஆங்கில மாலுமிகள் இதை வெதர் ஹெல்ம் என்பர். விசைமையம் முன்னால் விழுந்தால் மூக்கு காற்று போகும் பக்கம் விலகும். இது லீ ஹெல்ம்.

இவ்விரு புள்ளிகளும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல என்பதே சிக்கல். காற்று வலுக்கும்போது கலம் சாய்கிறது. சாய்ந்ததும் பாய் கலத்தின் நடுக்கோட்டை விட்டு வெளியே நீரின் மேல் தொங்குகிறது. வண்டியின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துத் தள்ளினால் அது மறுபக்கம் திரும்புவது போல, சாய்ந்த கலமும் காற்றை நோக்கித் திரும்புகிறது. அதனால் மெல்லிய காற்றில் நேராகச் சென்ற அதே படகு கடுங்காற்றில் கைக்கு அடங்காமல் போகும். மேலும் காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியாக உயர்கிறது. 10 நாட் வேகத்தில் வீசிய காற்று 14 நாட் ஆனால் பாய் மீதான விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும்.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். பாயின் பக்கவாட்டு விசை 40 கிலோ எடைக்குச் சமம் என்றும், விசைமையம் தடைமையத்திற்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். திருப்பும் விசை 12 கிலோ-மீட்டர். தடைமையத்திலிருந்து 3 மீட்டர் பின்னால் துடுப்புப் பிடித்திருப்பவர் இதைச் சமன்செய்ய 4 கிலோ விசை கொடுக்கவேண்டும். காற்று 14 நாட் ஆகும்போது அது 8 கிலோ ஆகிறது. சாய்வினால் கூடும் விசை இதற்கு மேல். கையில் இத்தனை எடையைத் தாங்கியபடி மூன்று மணி நேரம் கரை நோக்கி வருவது என்பது உடல் வலிமையின் எல்லையைத் தொடும் செயல். துடுப்பு கோணலாக நீரில் கிடக்கும் நேரமெல்லாம் அது தடையாகவும் நின்று வேகத்தைக் குறைக்கிறது.

காற்றை நோக்கித் திரும்பும் இயல்பு முழுக்கத் தீமையானதும் அல்ல. அது சிறிதளவு இருக்கவேண்டும் என்றே கடலோடிகள் விரும்புவர். அத்திருப்பத்தைத் தடுக்கச் சுக்கான் செலுத்தும் விசை காற்று வரும் பக்கமாக அமைகிறது. ஆகவே கலம் பக்கவாட்டில் ஒதுங்குவதைத் தடுக்கும் வேலையில் சுக்கானும் பங்குகொள்கிறது. எதிர்வகைத் திருப்பத்தில் சுக்கானின் விசையும் காற்றோடு சேர்ந்து கலத்தை ஒதுக்கிவிடும். இதைவிட முக்கியமான காரணம் உயிர் பற்றியது. கட்டுமரத்தில் தனியாகச் செல்பவர் தவறிக் கடலில் விழுந்தால், காற்றை நோக்கித் திரும்பும் மரம் பாய் படபடக்க நின்றுவிடும். அவர் நீந்தி வந்து ஏறிக்கொள்ளலாம். காற்றை விட்டு விலகும் மரமோ ஆளில்லாமல் பாய் புடைத்து ஓடிப்போகும்.

பழைய சான்றுகள்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற கிரேக்கக் கையேடு தமிழகத்தின் கிழக்குக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்ற மூன்று துறைமுகங்களைக் கூறுகிறது. சோபட்மா என்பது எயிற்பட்டினம் எனச் சங்க இலக்கியம் கூறும் மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். மாமல்லபுரத்திற்குத் தெற்கே அதே கரையில் அமைந்த ஊர் அது. மரங்களைப் பிணைத்துச் செய்த சங்கரா என்ற பெரிய கலங்கள் இத்துறைகளில் இருந்ததாகவும் அக்கையேடு குறிப்பிடுகிறது. சங்கரா என்பது கட்டுமரமா, இரண்டு ஓடங்களை இணைத்த கலமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எப்படியிருந்தாலும் பிணைத்துக் கட்டும் முறைக்கு இக்கரையில் ஈராயிரம் ஆண்டு வயது உண்டு என்பது தெளிவு.

சங்க இலக்கியத்தில் காற்றைக் கலத்திற்கு ஏவல் கொண்ட செய்தி புறநானூற்றின் 66ஆம் பாடலில் வருகிறது. வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோரைப் போற்றுமிடம் அது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகமும், கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் ஏற்றிய விளக்கும் பேசப்படுகின்றன. நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. பிற்காலத்தில் திருமங்கையாழ்வார் கடல்மல்லையைப் பாடும்போது செல்வம் சுமந்த கலங்களையும் பாடுகிறார்.

எழுத்துச் சான்றுகளைக் காட்டிலும் திசைப்பிடிப்பைப் பற்றி அதிகம் சொல்பவை காசுகள். சோழமண்டலக் கடற்கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரம் கொண்ட கப்பல் உள்ளது. பல்லவர் காசுகளிலும் இரட்டைப் பாய்மரக் கப்பலைக் காணலாம். சாதவாகனர் காசுக் கப்பலின் பின்புறப் பக்கவாட்டில் நீரில் இறங்கும் துடுப்புகளே சுக்கானின் வேலையைச் செய்தன. அஜந்தாவின் 2ஆம் குகை ஓவியத்தில் உள்ள மூன்று பாய்மரக் கப்பலிலும் அதே அமைப்பைக் காணலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பாய்மரம் என்பது வேகத்திற்காக மட்டும் வந்ததல்ல. முன்பாயைச் சுருக்கினால் விசைமையம் பின்னே நகரும், பின்பாயைச் சுருக்கினால் முன்னே நகரும். சுக்கானைத் தொடாமலே கப்பலின் மூக்கைத் திருப்ப இது வழி தருகிறது. காசு வெட்டியவர் இதை நினைத்திருக்கமாட்டார். கப்பல் கட்டியவர் நிச்சயம் நினைத்திருப்பார்.

தமிழில் கப்பல் கட்டும் கலை பற்றிய தனி நூல்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'கப்பல் சாத்திரம்' அவற்றுள் ஒன்று. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அதை வெளியிட்டது. ஏராவின் அளவு, மரங்களின் குணம், நல்ல நாள், கெட்ட குறி எனப் பலவற்றையும் பேசும் நூல் அது. சோதிடமும் தச்சும் கலந்த நடையினால் பலர் அதைப் புறந்தள்ளுவதுண்டு. ஆனால் அளவுகள் ஒன்றுக்கொன்று விகிதத்தில் இருக்கவேண்டும் என்ற வற்புறுத்தலில் சமநிலை பற்றிய பட்டறிவு ஒளிந்திருக்கிறது. ஐரோப்பாவில் பாயின் விசையையும் நீரின் தடையையும் கணிதமாக எழுதும் முயற்சி பியர் பூகேர் 1746இலும் லியோனார்ட் ஆய்லர் 1749இலும் வெளியிட்ட நூல்களில்தான் முறையாகத் தொடங்கியது.

சுக்கான் என்ற சொல் அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. தாமான் எனப்படும் பாய்க்கயிறும் இந்துஸ்தானி வழியாக வந்த பெயரே. கப்பலின் கருவிப் பெயர்களில் பாதி இப்படிக் கடல்வழியே வந்தவை. கட்டுமரத்தின் சொற்களோ பெரும்பாலும் மரம், கட்டு, துடுப்பு, பலகை, பாய் என உள்ளூர்ச் சொற்கள்.

கட்டுமரத்தை ஓட்டிய முறை

கட்டுமரத்தின் நடுமரம் சற்றுத் தாழ்ந்தும் பக்க மரங்கள் சற்று உயர்ந்தும் இருக்கும். மூன்று முதல் ஏழு வரை மரங்கள் சேரும். முன்புறத்தில் தனித்துண்டுகளைக் கூர்மையாகச் செதுக்கி மேல்நோக்கி வளைந்தாற்போல் கட்டுவர். இலேசான மரமே இதற்கு ஏற்றது. ஆனால் அத்தகைய மரம் நீரை உறிஞ்சும். அதனால் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவார்கள். இது மரம் அழுகாமல் இருக்க மட்டுமன்று. நனைந்து கனத்த மரம் நீரில் ஆழ அமிழும். ஒரு பக்க மரம் மட்டும் கூடுதலாக நனைந்திருந்தால் கலம் அப்பக்கம் சாய்ந்தே ஓடும். அடுத்த நாள் காலை மீண்டும் கட்டும்போது கலத்தின் சமநிலையும் புதிதாக அமைக்கப்பட்டது என்று சொல்லலாம். உலகில் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்பட்ட பாய்க்கலங்கள் மிகச் சிலவே.

கட்டுமரம் ஏறத்தாழத் தட்டையான கலம். பக்கவாட்டுக் காற்றில் அது நண்டு போலப் பக்கமாகவே நகர்ந்துவிடும். அதைத் தடுக்க மரங்களின் ஓரமாகப் பலகை ஒன்றை நீரில் செங்குத்தாக இறக்குவார்கள். இப்பலகைக்கு இரண்டு வேலைகள். கலம் ஒதுங்குவதைத் தடுப்பது ஒன்று. தடைமையம் எங்கே இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பது மற்றொன்று. நிலையான ஏரா கொண்ட படகில் தடைமையத்தை ஓட்டுபவர் பெரிதாக மாற்றமுடியாது. கட்டுமரத்தில் பலகையை முன்னே இறக்கினால் மூக்கு காற்றை நோக்கி ஏறும், பின்னே இறக்கினால் விலகும், பாதி தூக்கினால் பிடிமானம் தளரும்.

அடுத்தது ஆளின் எடை. மூன்று பேர் செல்லும் கட்டுமரத்தில் அவர்களது எடை கலத்தின் எடையோடு ஒப்பிடத்தக்கது. ஒருவர் இரண்டு அடி முன்னே நகர்ந்தால் மூக்கு அமிழ்கிறது, பின்புறம் எழுகிறது, தடைமையம் முன்னே செல்கிறது, மரம் காற்றை நோக்கித் திரும்புகிறது. பின்னே நகர்ந்தால் எதிர்மாறு. காற்று வரும் பக்கத்து ஓரமரத்தில் சென்று குந்தினால் சாய்வு குறைந்து திருப்பமும் குறைகிறது. பின்னால் துடுப்பைப் பிடித்திருப்பவர் செய்ததெல்லாம் மிச்சத் திருத்தம் மட்டுமே. முதன்மையான சுக்கான் அவர்கள் அமர்ந்திருந்த இடமே என்றால் மிகையாகாது.

காற்று மேலும் கூடினால் பாயைத் தொட்டாகவேண்டும். தாமானைத் தளர்த்திப் பாயிலிருந்து காற்றைச் சிறிது வெளியேவிடுவது முதல் வழி. பாய்மரத்தை முன்புறம் சற்றுச் சாய்த்தால் விசைமையம் முன்னே நகரும். பாயின் பரப்பைக் குறைப்பது மூன்றாவது. இன்றைய உல்லாசப் பாய்ப்படகுகளின் பயிற்சியில் கடுங்காற்றின்போது கற்பிக்கப்படுவதும் இதே வரிசைதான். அங்கே இழுக்கவும் முறுக்கவும் உலோகக் கருவிகள் உள்ளன, இங்கே கயிறும் கையும் மட்டும்.

நாகப்பட்டினம் பக்கத்தில் கோலா மீன் பிடிப்பதற்கென்றே கோலாமரம் என்ற பெரிய வகை இருந்தது. பறக்கும் மீனான கோலாவைத் தேடி அது நெடுந்தூரம் செல்லவேண்டியிருந்தது. மாமல்லபுரக் கரையின் மரங்கள் பொதுவாக இதைவிடச் சிறியவை, அன்றன்றே திரும்புபவை.

காற்றின் காலக்கணக்கும் இதோடு சேர்ந்தது. இக்கரை ஏறத்தாழ வடவடகிழக்கிலிருந்து தென்தென்மேற்காக நீள்கிறது. விடியலுக்கு முன் நிலத்திலிருந்து வீசும் காற்றில் கடலுக்குள் சென்று, பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்றில் திரும்புவது கோடைக்கால வழக்கம். இவ்விரண்டும் பின்னாலிருந்து தள்ளும் காற்று என்பதால் எளியவை. வலை போட்ட இடம் ஊருக்கு வடக்கிலோ தெற்கிலோ விலகியிருந்தால்தான் கரைக்கு இணையாக, காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு ஓடவேண்டும். பலகையும் எடைமாற்றமும் தேவைப்பட்டது அங்கேதான். வாடைக்காற்று வலுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடக்கே உள்ள ஊர்க்காரர் தெற்கே ஒதுங்கிவிட்டால் காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏறித்தான் வீடு சேரமுடியும். ஏற முடியாத நாளில் வேறு ஊரின் கரையில் மரத்தை ஏற்றிவிட்டு மணலில் நடந்து வருவதே வழி.

கடைசிச் சோதனை கரை. இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை. அலை மணல்திட்டுகளில் உடைந்து உருள்கிறது. அலையின் முகத்தில் கலம் குறுக்காகத் திரும்பிவிட்டால் புரளும். பாயைச் சுருட்டிவிட்டு, எல்லாரும் பின்னே ஒதுங்கி, மூக்கை இலேசாக்கி, பின்துடுப்பை ஆழமாக ஊன்றி நேராக இறங்குவார்கள். இடுக்குகளின் வழியே நீர் வடிந்துவிடுவதால் கட்டுமரம் மூழ்காது. புரண்டாலும் மீண்டும் ஏறலாம். ஐரோப்பியக் கப்பல்களின் படகுகள் இக்கரையில் இறங்க அஞ்சியதும், சென்னையில் துறைமுகம் வரும்வரை மசூலா படகுகளையே நம்பியிருந்ததும் இந்த அலையினால்தான். மசூலா தைத்த பலகைப் படகு. நீண்ட பின்துடுப்பால் அதன் தண்டல் அதை நேராகப் பிடித்தார். பாய் இல்லாததால் காற்றுச் சமநிலை என்ற சிக்கல் அதற்கு இல்லை, அலை மட்டுமே அதன் கவலை.

சதுரங்கப்பட்டினம், 1782

சிறிய கலங்களின் இதே இயற்பியல் பேரரசுகளின் போரிலும் வேலை செய்தது. டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த சதுரங்கப்பட்டினத்திற்கு அப்பால் கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனின் கப்பல்களும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களும் மோதின. வடகிழக்கிலிருந்து காற்று வீசியதால் காற்று வரும் பக்கத்தில் இருந்த சுஃப்ரன் தாக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. ஆங்கில வரிசையின் பின்பகுதியையும் நடுவையும் அவர் நெருக்கினார். முன்னால் சென்ற ஆங்கிலக் கப்பல்களால் காற்றுக்கு எதிராகத் திரும்பி உதவிக்கு வர இயலவில்லை. எக்ஸெட்டர் என்ற கப்பல் கடுமையாகச் சிதைந்தது, அதன் தலைவர் இறந்தார். மாலையில் காற்று தென்கிழக்காக மாறியதும் முன்னால் இருந்தவை திரும்ப முடிந்தது. சுஃப்ரன் விலகினார். தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை. ஹியூஸ் பழுதுபார்க்கத் திருகோணமலைக்குச் சென்றார்.

இத்தகைய போர்களில் பீரங்கிகள் மரச்சட்டங்களை மட்டுமன்றிப் பாய்மரங்களையும் கயிறுகளையும் குறிவைத்தன. காரணம் சமநிலை. முன்பாய்களை இழந்த கப்பலில் விசைமையம் பின்னே சரிந்துவிடும். அது சுக்கானை மீறிக் காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடும். நிற்கும் கப்பலில் சுக்கானுக்கு வேலை இல்லை. அன்றைய பிற்பகல் தேவனேரியிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கரைதிரும்பிய கட்டுமரக்காரர்களுக்குக் காற்று மாறப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடும். பிற்பகல் கடற்காற்று அவர்களது அன்றாடக் கடிகாரம்.

பெயர் மட்டும் சென்ற கதை

ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை விவரித்தார். ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும், உடலின் கீழ்ப்பகுதி எப்போதும் நீரிலேயே இருக்கும் சிறு மரங்களைப் பற்றிய அவரது விவரிப்பு ஆங்கிலத்தில் கேட்டமரான் என்ற சொல் பரவக் காரணமானவற்றுள் ஒன்று. பின்னர் அச்சொல் தெப்பம் எதற்கும் பொதுப்பெயராகி, இறுதியில் இரண்டு உடல்கள் கொண்ட படகைக் குறிக்கலாயிற்று. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெர்ரஷாஃப் 1876இல் தம் இரட்டையுடல் படகான அமரில்லிஸைப் போட்டியில் ஓட்டி மற்றவற்றை எளிதாக முந்தினார். அது போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. அந்தப் படகின் மூதாதை பசிபிக் தீவுகளின் இரட்டை ஓடமே. தமிழகத்திலிருந்து சென்றது பெயர் மட்டும்.

இன்று உலகெங்கும் விற்கப்படும் கேட்டமரான் படகுகளுக்கும் மாமல்லபுரக் கரையின் மரங்களுக்கும் தொடர்பு உண்டு என எண்ணிப் பெருமைப்படுவது வழக்கமாகிவிட்டது. பெருமைப்பட வேறு இடம் உள்ளது. நிலையான சுக்கான் இல்லாமல், பலகையாலும் எடையாலும் திசை பிடிக்கும் அறிவு உலகில் சில இடங்களில் மட்டுமே வளர்ந்தது. தென்னமெரிக்காவின் பெரு, ஈக்குவடோர் கரைகளில் பால்சா மரத் தெப்பங்களின் இடுக்குகளில் குவாரா எனப்படும் பலகைகளை இறக்கி ஓட்டினர். தைவானின் மூங்கில் தெப்பங்களிலும் இத்தகைய பலகைகள் இருந்தன. நார்வே நாட்டின் தோர் ஹெயர்டால் 1947இல் கோன்-டிக்கி தெப்பத்தில் பசிபிக் கடலைக் கடந்தபோது குவாராவின் பயன் அவருக்கு முழுதாக விளங்கவில்லை. 1953இல் ஈக்குவடோர் கரையில் செய்த சோதனைகளில்தான் முன்பலகையை இறக்கினால் தெப்பம் காற்றை நோக்கியும், பின்பலகையை இறக்கினால் காற்றை விட்டும் திரும்புவதைக் கண்டு எழுதினார். அவர் சோதனை செய்து எழுதிய அதே காலத்தில் சோழமண்டலக் கரையில் அது அன்றாட வேலையாக நடந்துகொண்டிருந்தது.

பதிவும் இழப்பும்

சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் உருவானது. அதன் இயக்குநராகப் பின்னர் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றி வங்காள ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் விரிவாக எழுதினார். ஓய்வுக்குப் பின் 1946இல் உலக நீர்க்கலங்கள் பற்றிய பெருநூலையும் வெளியிட்டார். கட்டுமர வகைகளைப் பகுத்துப் பார்த்த முதல் முறையான பதிவு அவருடையது. எனினும் அவரது ஆர்வம் இவ்வடிவம் எங்கிருந்து வந்தது, எந்த மக்களோடு தொடர்புடையது என்பதில் அதிகம். ஒரு கலத்தில் அமர்ந்து காற்று மாறும்போது யார் எங்கே நகர்ந்தார்கள் என்பது அவரது வினாவாக இல்லை.

இதே காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் வேறொரு பாய்க்கலை தொடங்கியது. துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னின்று 1911இல் அமைத்த படகுச் சங்கம் இன்று ராயல் மெட்ராஸ் யாட் கிளப். அங்கே வெதர் ஹெல்ம் பற்றிப் புத்தகம் இருந்தது, பயிற்சி இருந்தது. துறைமுகச் சுவருக்கு வெளியே பாய் விரித்த மரங்கள் கடந்து சென்றன. இரண்டும் ஒன்றிடம் மற்றொன்று கற்றதற்கான தடயம் அரிது.

பாய் மறைந்தது விரைவாகவே. 1980களிலும் 1990களிலும் கட்டுமரங்களில் சிறிய இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. பின்னால் தள்ளும் இயந்திரத்தைத் திருப்பினாலே திசை மாறும் என்பதால் பலகைக்கும் எடைமாற்றத்திற்கும் தேவை இல்லாமல் போயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கரையோரக் கட்டுமரங்கள் பெருமளவில் நொறுங்கின. நிவாரணமாக வந்தவற்றில் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. மீனவர்கள் அதை விரும்பியே ஏற்றனர். காற்று இல்லாத நாளில் துடுப்பு வலித்துக் கை தேய்ந்தவர்களுக்கு இயந்திரம் விடுதலை. டீசல் விலை உயரும்போதெல்லாம் பாயைத் துணைக்குக் கொண்டுவரும் யோசனை எழுவதுண்டு. ஆனால் பாய் என்பது துணியும் கழியும் மட்டுமல்ல. முன்னே நகர்வதா பின்னே நகர்வதா என்று எண்ணாமலே நகரும் உடல்கள் மூன்று அதற்கு வேண்டும். அந்தப் பழக்கம் தந்தையோடு மரத்தில் சென்ற மகனுக்கு மட்டுமே கிடைத்தது.

இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் ஏற்றுக்கொண்ட கௌண்டின்யா என்ற தைத்த கப்பல் அஜந்தா ஓவியத்தைப் பின்பற்றிக் கட்டப்பட்டது. அதில் நவீனச் சுக்கான் இல்லை, பழைய முறைப்படி பக்கத் துடுப்புகளே திசை பிடிக்கின்றன. அதன் மாதிரியை நீரில் சோதித்தது சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறை. அந்த நிறுவனத்தின் புதிய வளாகம் அமைந்துள்ள தையூர், கோவளம் கடற்கரைக்கு அருகே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் உள்ளது.

கோவளத்தில் இப்போது அலைச்சறுக்கும் காற்றுப்பாய்ச் சறுக்கும் கற்பிக்கப்படுகின்றன. காற்றுப்பாய்ப் பலகை 1960களில் அமெரிக்காவில் உருவானது. அதிலும் சுக்கான் இல்லை. பாய்மரத்தை முன்னே சாய்த்தால் காற்றை விட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கி ஏறும். பலகையில் நிற்பவர் தம் கால்களை முன்னும் பின்னும் நகர்த்தித் திருத்தம் செய்கிறார். அதைக் கற்பிப்பவர்களில் மீனவக் குடும்பத்து இளைஞர்களும் உண்டு.